பதினோராவது போன்

நவம்பர் 2, ஞாயிறு

இன்று பதினொரு பேர் வந்தார்கள். போன வாரம் ஆறு பேர்தான். வேதமணி சார் சந்தோஷத்தில் எல்லோருக்கும் வர்க்கி பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார்.

சார் டெலிபோன் ஆபீசில் கம்பி இழுத்து ரிட்டயர் ஆனவர். ஆடி மாதம் பேன்ட் சுருக்க என் கடைக்கு வந்தபோது, “போன் எல்லாரு கையிலயும் இருக்கு அமலா, திறக்கத்தான் ஆளில்ல” என்றார். அப்படித்தான் நானும் சேர்ந்தேன். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு மிஷினை மூடிவிட்டு ஜீப் பிடித்துக் கருஞ்சோலை எஸ்டேட்டுக்குப் போகிறோம். அங்குள்ள பழைய மன்றத்தில் வகுப்பு.

யானை இறங்கினால் வனத்துறை வாச்சர் மணியன், லைன் வீடுகளில் இருக்கும் தொழிலாளர்கள் எல்லோருடைய போனுக்கும் தகவல் அனுப்புகிறார். எந்தக் காட்டில் நிற்கிறது, எத்தனை என்று. பலருக்குத் திறக்கத் தெரியாது. போன தை மாதம் பதினேழாம் நம்பர் தேயிலைக் காட்டில் ஒரு அம்மாள் செத்துப்போனாள். அவள் மடியிலிருந்த போனில் அந்தத் தகவல் திறக்காமலே கிடந்தது. அதனால்தான் இந்த வகுப்பு.

பேச்சிமுத்து அண்ணன் இன்று எல்லோரையும் சிரிக்க வைத்தார். டீ பாக்டரியில் உலை மூட்டுகிறவர், ஐம்பது தாண்டியவர். போனைச் சூடான டீ கிளாஸ் மாதிரி விளிம்பில்தான் பிடிக்கிறார். திருப்பூரில் இருக்கும் மகளுக்குக் குரல் பதிவு அனுப்பச் சொல்லிக் கொடுத்தேன். “ஏட்டி, அப்பா பேசுதேன், கேக்குதா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகப் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

“பதில் வரலையே டெய்லரம்மா. கோவமா இருக்காளோ?”

திரும்ப ஜீப் ஏற மெயின் ரோட்டுக்கு நடக்கும்போது பனி இறங்கிவிட்டது. வளைவில் ஏதோ கறுப்பாக நின்றது. சார் என் கையைப் பிடித்து நிறுத்தினார். பாறைதான். குளிரில் எனக்குக் கை விறைத்துப்போயிருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

இன்றும் பதினொரு பேர். பாடம், வந்த தகவலைத் திறப்பது. ஆனால் நடத்த விட்டால்தானே. ஒருவருக்கு மாமியார் கூப்பிடுகிறாள், இன்னொருவருக்குச் சாமி பாட்டு அலறுகிறது. அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு எல்லாப் போனையும் வாங்கி, சத்தத்தை அடைத்து, மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டேன். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியதும் பாடம் நன்றாக நடந்தது. கீழ் லைன் மாசாணம் எழுத்துக் கூட்டி “இரண்டு யானை” என்று வாசித்தாள். கைதட்டினோம்.

பேச்சிமுத்து அண்ணன் நாலு மணிக்கே எழுந்துவிட்டார், விறகு லாரி வந்துவிட்டதாம். நான் மாசாணத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மேசையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு எனக்கொரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

நாலரைக்கு முடித்தோம். பத்துப் போனிலும் சத்தத்தைத் திறந்து அவரவர் கையில் கொடுத்தேன்.

பேபி டீச்சரின் இரண்டு ஜாக்கெட்டும் நாளைக்கு வேண்டுமாம். கை வெட்டியாகிவிட்டது.

நவம்பர் 10, திங்கள்

காலை எட்டு மணிக்கு வேதமணி சார் போன் செய்தார். பேச்சிமுத்து அண்ணனை யானை அடித்துவிட்டது. உயிர் இருக்கிறது. ஜீப்பில் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

விடிகாலை ஐந்தேகாலுக்கு உலை மூட்டத் தனியாக இறங்கியிருக்கிறார். நாலாம் நம்பர் காட்டில் ஒரு பெண் யானையும் குட்டியும் நின்றிருக்கின்றன. ஐந்து ஏழுக்கே மணியன் தகவல் அனுப்பிவிட்டாராம். கீழ் லைனிலிருந்து கிளம்பிய மாசாணமும் இன்னும் மூன்று பேரும் மணிச் சத்தம் கேட்டு வீட்டுக்குள் திரும்பிவிட்டார்கள். மாசாணம் தானே படித்தாளாம். சார் அதைச் சொல்லும்போது அழுதார்.

ஜாக்கெட்டுகளைக் கொடுத்துவிட்டேன். ஒன்றில் கையை உள்பக்கம் வெளியாக வைத்துத் தைத்துவிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

இடுப்பெலும்பு முறிவு, இடது கால் இரண்டு இடத்தில் முறிவு. மனைவி இசக்கியம்மாள் கூடவே இருக்கிறாள்.

அண்ணனின் போன் கிடைக்கவில்லை. யானை தூக்கி எறிந்ததில் தேயிலைக்குள் எங்கேயோ விழுந்திருக்கிறது. சாரும் லைன் ஆட்கள் ஐந்து பேரும் மதியம் போய்த் தேடியிருக்கிறார்கள். ஒருவர் அந்த நம்பருக்குக் கூப்பிட, மற்றவர்கள் செடிக்குள் காதைக் கொடுத்து நின்றார்களாம். இருபது தடவை கூப்பிட்டும் சத்தம் வரவில்லை.

“மணி போகுது அமலா. ஆனா காட்டுக்குள்ள ஒரு சத்தமும் கேக்கல. ஆச்சரியமா இருக்கு” என்றார் சார்.

ஓடையில் விழுந்திருக்கும் என்றேன். ஓடையில் விழுந்தால் மணி எப்படிப் போகும் என்றார்.

நவம்பர் 12, புதன்

இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். மணி போகிறது.

நவம்பர் 13, வியாழன்

காலையில் ஒரு தடவை. மணி போகிறது.

மதியம் சார் கடைக்கு வந்தார். நின்றுகொண்டே கேட்டார்.

“போன ஞாயித்துக்கிழமை எல்லா போனையும் சத்தத்தத் திறந்துதானே குடுத்தோம்?”

ஆமாம் என்றேன். பத்துப் போனையும் என் கையால் திறந்து கொடுத்தேன். அதில் பொய் எதுவும் இல்லை.

நவம்பர் 14, வெள்ளி

இன்று அந்த நம்பர் சுவிட்ச் ஆப் என்று வந்தது. சார்ஜ் தீர்ந்திருக்க வேண்டும். மத்தி வாங்கிக் குழம்பு வைத்தேன். நாலு நாளுக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

வகுப்புக்கு மூன்று பேர்தான். மற்றவர்கள் மன்றத்துக்கு வெளியே கூடி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு முழுக்க மணியனைப் பற்றித்தான்.

“அண்ணன் நம்பர விட்டுட்டு அனுப்பியிருக்கான் அவன்” என்றாள் மாசாணம். “போன் வேல செஞ்சுது, மணி போச்சு, அப்போ தகவல் வந்திருந்தா அவருக்குக் கேட்டிருக்காதா? வராததாலதான் மனுசன் போய் நேரா நின்னுருக்காரு.”

வெள்ளிக்கிழமை லைன் ஆட்கள் மணியனை வழிமறித்திருக்கிறார்கள். யாரோ முகத்தில் அடித்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று ரேஞ்சர் சொல்லிவிட்டாராம். மணியன் நிரந்தர வேலைக்காரர்கூட இல்லை.

“நீங்க என்ன சொல்லுதீங்க டெய்லரக்கா?” என்று மாசாணம் கேட்டாள்.

விசாரிக்காமல் சொல்ல முடியாது என்றேன். பிறகு, படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது எப்படி என்று மூன்று பேருக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

திரும்பும் வழியில் ஜீப்பில் சார் என்னிடம் பேசவில்லை. அசதியாக இருக்கும்.

நவம்பர் 18, செவ்வாய்

மழை. கடையில் யாரும் இல்லை. பதினொரு மணிக்கு ஒருவர் படியேறி வந்து, செருப்பை மழையிலேயே கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றார். உதட்டோரத்தில் காய்ந்த காயம். அதுவரை நான் அவரை நேரில் பார்த்ததில்லை. மணியன்.

“அக்கா, நீங்கதான் போன் சொல்லிக் குடுக்கறீங்கன்னாங்க. நாளான்னிக்கு ரேஞ்சர் ஐயா விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காருங்க. நான் அனுப்புனது அந்த அண்ணன் போனுக்குப் போச்சா இல்லையான்னு இதுல பார்க்க முடியுங்களா?”

பனியனுக்குள்ளிருந்து போனை எடுத்துத் துடைத்து நீட்டினார்.

“ஒவ்வொரு பேரா விரல் வெச்சுத்தான் அனுப்புனேன்க்கா. மறக்கலீங்க. யானைக்கு முப்பது அடி தள்ளி மரத்துக்குப் பின்னால நின்னுட்டு அடிச்சேன். எனக்கு எழுத்து வேகமா வராது. அதுல கொஞ்சம் நேரம் போயிருச்சு. அது என் தப்புதான். ஆனா பேர விடலீங்க.”

வாங்கினேன். அன்றைய தகவலை அழுத்திப் பிடித்தால் யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் யார் பார்த்தார்கள் என்று வரிசையாக வரும். அடுத்த வாரப் பாடமாக நான் வைத்திருந்ததே அதுதான். அழுத்தினேன். வந்தது. பேச்சிமுத்து, காலை 5.07, போய்ச் சேர்ந்தது. பார்த்தவர்கள் வரிசையில் அந்தப் பெயர் இல்லை.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல தெரியாது தம்பி” என்றேன்.

“பரவால்லீங்க்கா. சிரமம் குடுத்துட்டேன்.”

போனைத் திரும்பப் பனியனுக்குள் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார். நான் உட்கார்ந்தே இருந்தேன். யாரோ ரவிக்கைத் துணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள், யாரென்று இப்போது நினைவில்லை.

நான் பார்த்தேன். 5.07. அந்தப் போனின் சத்தத்தை அடைத்தது நான். பதினொரு போனை அடைத்தேன், பத்தைத் திறந்தேன்.

நவம்பர் 19, புதன்

கடை திறக்கவில்லை. சார் வீட்டுக்கு மூன்று தடவை கிளம்பினேன். இரண்டு தடவை மார்க்கெட்டோடு திரும்பிவிட்டேன், ஒரு தடவை தக்காளி வாங்கிக்கொண்டு.

நாலாவது தடவை போய்ச் சேர்ந்தேன். சார் வாசலில் குடையைக் காயவைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மணியன் வந்ததையும், நான் தெரியாது என்றதையும்.

சார் குடையை மடக்கினார்.

“நான் கேட்டப்ப ஆமான்னு சொன்னியே.”

“பத்துப் போனைத்தான் சார் சொன்னேன்.”

“நான் பதினொண்ணக் கேட்டேன் அமலா.”

அதற்குமேல் அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு, “மேசைமேல வரிசையா இருந்தத நானும்தான் பார்த்தேன். அவர் எடுத்துட்டுப் போனதயும் பார்த்தேன். எனக்கும் தோணல” என்றார். காலையில் இரண்டு பேரும் போவோம் என்றார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார்கள். ஆறவிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

நவம்பர் 20, வியாழன்

ரேஞ்சர் அலுவலக வராந்தா பெஞ்சில் மணியன் சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொன்னார். ஆறுதலுக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார் போல.

உள்ளே போய், மணியனின் போனை வாங்கி, 5.07-ஐக் காட்டினேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னேன். ஒரு தாள் கொடுத்தார்கள், எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ‘அமலோற்பவம்’ என்ற என் முழுப் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டுத் திரும்ப எழுதினேன்.

“பத்து நாளா ஏம்மா சொல்லல?” என்று ரேஞ்சர் கேட்டார்.

என்மேல் என்ன நடவடிக்கை என்று மேலே கேட்டுச் சொல்வாராம். மணியனைத் திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

வெளியே மணியன் போனை வாங்கிக்கொண்டு கேட்டார்.

“செவ்வாக்கெழம கடையில பார்த்தப்பவே தெரியுங்களா அக்கா?”

“தெரியும்.”

“நான் உங்க மூஞ்சியப் பார்த்தேன். எனக்காக வருத்தப்படறீங்கன்னு நெனச்சேன்.”

அவ்வளவுதான். படியிறங்கிப் போய்விட்டார்.

நவம்பர் 22, சனி

முதல் பஸ்ஸில் கோயம்புத்தூர். மலைப்பாதையின் நாற்பது வளைவிலும் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை.

பெரியாஸ்பத்திரி, எலும்பு வார்டு. அண்ணன் ஊசி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். காலைக் கட்டி மேலே தூக்கி வைத்திருந்தார்கள். முகம் பாதியாகிவிட்டது. இசக்கியம்மாள் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இம்புட்டுத் தூரம் வந்திட்டியா தாயி. உட்காரு. டெய்லரம்மா டெய்லரம்மான்னுதான் பேசுவாரு.”

வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. மறுபடி சொன்னேன். என் கையை விட்டாள். சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“அன்னைக்குச் சாயங்காலம் மக கூப்பிட்டிருக்கா. நாலு தடவ. இவருக்குக் கேக்கல. பொறவு பார்த்துட்டு, போன் தானா ஊமையாயிட்டு இசக்கி, வார ஞாயித்துக்கெழம டெய்லரம்மாட்ட காட்டணும்னாரு.” நிறுத்தினாள். “உன்கிட்ட காட்டணும்னாரு.”

நானும் தரையில் உட்கார்ந்தேன். யாரோ நடந்துபோக வழிவிடச் சொன்னார்கள். இருவரும் நகர்ந்து உட்கார்ந்தோம்.

“அந்த வாச்சர அடிச்சதா சொல்லுத. லைன்ல உள்ளவங்களுக்கு நீ செஞ்சது தெரியுமா?”

“இல்ல.”

“என்கிட்ட மட்டும் அழுதுட்டுப் போனா ஆச்சா? நாளைக்குத் துணி எடுக்க நான் மேல வாரேன். எல்லாரு முன்னாலயும் நீ சொல்லணும். நான் கேக்கணும்.”

நவம்பர் 23, ஞாயிறு

மன்றம் நிறைந்துவிட்டது. நாற்பது பேர் இருக்கும். சார் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். இசக்கியம்மாள் கதவோரம் பையோடு நின்றாள். மணியன் வரவில்லை.

சொன்னேன். நடுவில் சார் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு மீதியையும் சொன்னேன்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். “டவுன்காரங்களுக்கு நம்ம உசுரு வெளையாட்டு” என்றார் ஒருவர். “வகுப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், இறங்கிப் போங்க” என்றார் இன்னொருவர். மாசாணம் அழுதாள். அவள் அண்ணன்தான் மணியனை அடித்தவராம், எனக்கு இன்றுதான் தெரியும். அவர் எழுந்து என்னை நோக்கி இரண்டடி வைத்தார். சார் குறுக்கே வந்து நின்றார்.

அப்போது ஒரு போன் மணியடித்தது. அடுத்து இன்னொன்று. அடுத்த நொடி அறை முழுக்க அதே மணி. மாசாணம்தான் முதலில் திறந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உரக்க வாசித்தாள்.

“மூன்று யானை. மன்றத்தின் பின்புறம். வெளியே வர வேண்டாம். மணியன்.”

திங்கட்கிழமையிலிருந்துதான் வேலை என்று சொல்லியிருந்தும் மனிதர் காட்டுக்குள் இருந்திருக்கிறார்.

கதவைச் சாத்திப் பெஞ்சை முட்டுக் கொடுத்தார்கள். மணி நாலுகூட ஆகவில்லை. ஆனாலும் பனியில் ஜன்னல் வெள்ளையாக இருந்தது, வெளியே ஒன்றும் தெரியவில்லை. யாரோ போனுக்காகக் கையை நீட்டிச் சத்தத்தை அடைக்கச் சொன்னார்கள். ஒருவரும் போனைக் கொடுக்கவில்லை. அவரவர் கையாலேயே அடைத்துக்கொண்டார்கள். எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம்.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் வாழை முறியும் சத்தம். பிறகு மூச்சு. பெரிய துருத்தி மாதிரி, இழுத்து விடும் மூச்சு. சுவரில் ஏதோ உரசியது. ஓட்டிலிருந்து மண் உதிர்ந்து என் மடியில் விழுந்தது. ஒரு குழந்தை சிணுங்கியதும் தாய் அதன் வாயை மார்போடு அழுத்தினாள். என் மணிக்கட்டை யாரோ நகம் பதியப் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். இசக்கியம்மாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவளுடையதா, என்னுடையதா தெரியவில்லை.

முக்கால் மணி நேரம் அப்படி இருந்தோம். யானைகள் போய்விட்டன என்று மணியனிடமிருந்து அடுத்த தகவல் வந்ததும் கதவைத் திறந்தார்கள். என்னை அடிக்க வந்தவரும் பெஞ்சைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டுப் போனார். யாரும் என்னிடம் பேசவில்லை. வகுப்பு இனி உண்டா என்று சாரிடமும் யாரும் சொல்லவில்லை.

இசக்கியம்மாள் பையை எடுத்துக்கொண்டாள்.

“அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போவணும். அந்த வளைவ ஒத்தையில தாண்ட எனக்கு முடியாது. வா.”

நடந்தோம். பையை நான் வாங்கிக்கொள்ளட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். நாலாம் நம்பர் காட்டருகே ஒடிந்த செடிகள் அப்படியே கிடந்தன. அந்த இடத்தில் அவளுக்குக் கால் எழவில்லை. நான் முன்னால் போனேன். அவள் என் சேலையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னலைத் தூக்கினாள்.

“அவருகிட்ட நான் சொல்ல மாட்டேன். புதங்கெழம பெரிய டாக்டர் வாராரு, அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு முழிச்சிருப்பாரு. நீ வந்து நீயே சொல்லு.”

வருகிறேன் என்றேன். பஸ் போய்விட்டது.

புதன்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. இன்று சுவருக்குப் பின்னால் கேட்ட மூச்சைவிட, அவர் கண்ணைத் திறந்து “வாங்க டெய்லரம்மா” என்று சொல்லப்போவதை நினைத்தால்.

முதல் பஸ் ஐந்தரைக்கு. கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொண்டேன்.